வேலூர் வீதிகளில் வேட்பாளரைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேட்பாளர் வேனுக்குப் பின்னால் போக நினைக்கும் புதியவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சம்பளம் வாங்கிக்கொண்டு கட்சிக்கு வீடியோ போடுபவர்களுக்காக இது எழுதப்படவில்லை. இருபது வருஷம் கழித்து யாராவது எடுத்துப் பார்த்தாலும் ‘அந்தத் தேர்தல் இப்படித்தான் நடந்தது’ என்று நம்பக்கூடிய படங்களை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதியது. உதாரணங்கள் பெரும்பாலும் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தவை.

கட்சிக்காரர் எடுக்கும் படத்துக்கும் ஆவணப் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

கட்சியின் கேமராமேனுக்கு வேண்டியது மூன்று: தலைவரின் முகம், கூப்பிய கை, பின்னால் கூட்டம். குறுக்கே வருகிறவரை ‘தம்பி, கொஞ்சம் நகருப்பா’ என்று ஒதுக்கிவிட்டுத்தான் அவர் எடுப்பார். அது அவர் தொழில், அதில் தப்பில்லை.

நமக்கு வேண்டியது அவர் ஒதுக்கியவை. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் கோபத்தில் இருக்கிறார்கள் என்று வேட்பாளர் காதில் ஓதும் பூத் கமிட்டிக்காரர். கழற்றிய மாலைகளைக் கை நிறைய வாங்கிக்கொண்டு ஓடும் பையன். வேன் ஏற மற்றவர்களுக்கெல்லாம் கை கொடுத்துவிட்டு, தனக்கு இடமில்லாமல் கீழேயே நின்றுவிடும் வட்டச் செயலாளர். வாசலுக்கு வராமல் கிரில் கதவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் அம்மா. வேட்பாளரும் படத்தில் இருக்கட்டும், ஆனால் அவரைச் சுற்றி நடக்கும் வேலையும் தெரியட்டும்.

தோசை சுடுவது, வடை போடுவது மாதிரியான படங்களை எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். எப்படி எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டு வேட்பாளர்கள் தோசை சுடுவார்கள், டீ ஆற்றுவார்கள், இஸ்திரி போடுவார்கள். 2021-ல் நாகப்பட்டினத்தில் அ.தி.மு.க. வேட்பாளர் வீதியில் உட்கார்ந்து துணி துவைத்தே காட்டினார், படம் ஊரெல்லாம் சுற்றியது. நம் பக்கத்தில் இதற்கு இடத்துக்கு ஏற்ற வகைகள் உண்டு: பீடி சுற்றும் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு பீடி, குடியாத்தத்தில் தறியில் ஒரு மிதி, ஆம்பூரில் பிரியாணி அண்டாவில் ஒரு கிளறல்.

இதை நெருங்கிப் போய், சிரித்த முகத்தை மட்டும் எடுத்தால் கட்சி விளம்பரத்தைச் சம்பளமில்லாமல் செய்து கொடுத்ததாக ஆகும். ரெண்டு அடி பின்னால் வாருங்கள். எட்டு செல்போன், ரெண்டு டி.வி. மைக், அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டி பறிபோனதால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் மாஸ்டர் எல்லாரும் சட்டகத்துக்குள் வந்துவிடுவார்கள். கேமராவுக்காக நடத்தப்பட்டதுதான் அந்தக் காட்சி. அப்படி நடத்தப்பட்டதும் ஒரு உண்மை, அது தெரிகிற மாதிரி எடுத்தால் படம் ஆவணம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ‘அண்ணே, இன்னொரு தடவை கிளறுங்க, சரியா விழல’ என்று நாமே கேட்பது. தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

இந்த வகையில் பெயர் பெற்ற பழைய படம் ஏதாவது பார்க்கச் சொல்வீர்களா?

ஒன்று அமெரிக்காவில் எடுத்தது. 1952 செப்டம்பரில் மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரில் ஜனாதிபதி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையின் படக்காரர் வில்லியம் காலகர் தாழ்விலிருந்து எடுத்த படத்தில் அவருடைய வலது ஷூவின் அடிப்பாகத்தில் ஓட்டை. அடுத்த வருஷம் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஸ்டீவன்சன் தேர்தலில் ஐசனோவரிடம் தோற்றார். பரிசு வாங்கிய படத்தில் சொற்பொழிவும் இல்லை, கூட்டமும் இல்லை, நடந்து தேய்ந்த ஒரு ஷூதான் இருக்கிறது. தோல் பதனிட்டு ஷூ தைத்து உலகத்துக்கு அனுப்பும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இந்தப் படம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வேட்பாளர்களின் காலைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுச் செருப்பா, பழசா, கோயில் வாசலில் கழற்றிவிட்டதை யார் எடுத்துவைக்கிறார்கள் என்று எத்தனையோ விஷயம் அங்கே கிடைக்கும்.

இன்னொன்று நம்முடையது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகி மாநிலம் முழுக்கப் போனது. தொகுதிப் பக்கமே வராமல் பரங்கிமலையில் ஜெயித்தார். வேட்பாளர் வீதியிலேயே இல்லாத பிரச்சாரத்தை வீதியில் நடத்தியது ஒரு படம். ஆனால் அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்ட சுவரையும், அதை நின்று பார்த்தவர்களையும் எடுத்த படங்கள்தான் நமக்கு இன்று அரிது. ஒரு படம் ஊரில் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு சுற்று, சாயங்காலம் நாலரைக்குமேல் இன்னொரு சுற்று என்றுதான் வேட்பாளர்களே திட்டம் போடுகிறார்கள். நடுப்பகலில் மண்டபத்தில் செயல்வீரர்கள் கூட்டமோ, யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடோ நடக்கும். உள்ளே விட்டால் போங்கள். சட்டைப் பித்தானைத் தளர்த்தி, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, யாரிடமோ போனில் கோபப்படும் மனிதரை அங்கேதான் பார்க்க முடியும்.

ராத்திரி பத்து மணியை விட்டுவிடாதீர்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பத்து அடித்ததும் மைக் அணையும், ஆனால் மூன்று தெரு பாக்கியிருக்கும், அங்கே ஜனங்கள் எட்டு மணியிலிருந்து காத்திருப்பார்கள். வேட்பாளர் பேசாமல், வேனில் நின்றபடி கும்பிட்டுக்கொண்டும், விரலால் சின்னத்தைக் காட்டிக்கொண்டும் போவார். நாள் முழுக்கப் பேசின ஆள், தொண்டையும் போய் அனுமதியும் போய், கையாலேயே ஓட்டுக் கேட்கிற அந்த முக்கால் மணி நேரம் படக்காரருக்கு அள்ளிக் கொடுக்கும்.

கடைசி நாள் இன்னும் முக்கியம். வாக்குப்பதிவு முடிய வேண்டிய நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் ஓய வேண்டும் என்பது சட்டம். 2024-ல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, அதனால் 17-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் அடங்கியது. ஆறு மணிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் எல்லாக் கட்சி வண்டியும் ஊருக்கு நடுவில் வந்து முட்டிக்கொள்ளப் பார்க்கும்.

என்ன லென்ஸ், என்ன செட்டிங்?

28 அல்லது 35 மில்லிமீட்டர் போதும். லாங் பஜார், மண்டித் தெரு மாதிரி இடங்களில் அதைவிட நீள லென்ஸை வைத்துக்கொண்டு நகரக்கூட முடியாது. செல்போனில் எடுத்தாலும் பரவாயில்லை.

பெரிய தொல்லை வெள்ளைச் சட்டை. உச்சி வெயிலில் சட்டை வெளுத்துப் போகும், முகம் கறுத்துவிடும். சட்டையின் நெசவு தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், முகத்தைப் பிறகு ‘ரா’ ஃபைலில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) தூக்கிக்கொள்ளலாம். ராத்திரியில் எல்.இ.டி. விளக்கில் படத்தின் குறுக்கே கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகும். வேனில் கட்டியதோ ஜெனரேட்டரில் ஓடுவதோ என்றால் முதலில் நாலு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைக் காட்டுவதில் எது நேர்மை?

நீள லென்ஸை வைத்துத் தரை மட்டத்திலிருந்து எடுத்தால் இருநூறு பேர் இரண்டாயிரம் பேர் மாதிரி தெரிவார்கள். மாடியிலிருந்து அகல லென்ஸில் எடுத்தால் நல்ல கூட்டமும் சோளக்காட்டில் ஆள் நிற்கிற மாதிரி சிதறித் தெரியும். இரண்டுமே பொய் சொல்லக்கூடியவை. அதனால் ரெண்டையும் எடுத்து, ரெண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடும்போது ஒன்றுதான் போக முடியும் என்றால், கூட்டத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிகிற படத்தைக் கொடுங்கள். கூட்டத்தைக் கொண்டுவந்த வேன்கள் வரிசையாக நிற்பதும் ஒரு தனிப் படம்.

அனுமதி வேண்டுமா? போலீஸ் தடுப்பார்களா?

பொதுத் தெருவில் ஓட்டுக் கேட்கும் வேட்பாளரைப் படமெடுக்க யாரிடமும் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பெரிய தலைவர்கள் கோட்டை மைதானத்துக்கு வரும்போது பாதுகாப்பு வளையம் இருக்கும், அங்கே அவர்கள் சொல்கிற இடத்தில்தான் நிற்க முடியும்.

வாக்குச்சாவடி வேறு கதை. உள்ளே போக, தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். பத்திரிகையாளர்களுக்கு மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் வழியாக அது வரும். கடிதம் இருந்தாலும் ஒருவர் ஓட்டுப் போடுவதை எடுக்கக் கூடாது, அது ரகசியம். வேட்பாளர் தானே ஓட்டுப் போட வரும்போது மை வைத்த விரலைக் காட்டுவார், அதோடு போதும்.

படத்தை அழிக்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் மிரட்டினால்?

முதலில் அவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் என்று வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. தேர்தல் அதிகாரிகளின் வீடியோ குழு வண்டி எத்தனை, நாற்காலி எத்தனை, பந்தல் எவ்வளவு பெரிசு என்று பதிந்துகொண்டே வரும். சாப்பாட்டுப் பந்தியை நீங்கள் எடுத்தால், ‘எந்த ஆபீஸ்?’ என்று முதல் கேள்வியே அதுதான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். ‘பாய்’, ‘அண்ணே’ என்று நாலு வார்த்தை பேசினால் மீதியும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கை நீளுமென்று தெரிந்தால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள். தனியாகப் போகாமல் கூட ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

ஆரத்தித் தட்டில் பணம் போடுவது என் படத்தில் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

அடிக்கடி வருகிற கேள்வி, லேசான பதில் கிடையாது. வேட்பாளர் தெருவில் நுழைந்ததும் வரிசையாக ஆரத்தித் தட்டுகள். தட்டில் நோட்டு விழும், சில இடத்தில் கூட வருகிறவர் பின்னால் வந்து கொடுப்பார். ஓட்டுக்காகப் பணம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 170-ஆம் பிரிவின்படி லஞ்சம். கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கினவருக்கும் அதே பிரிவுதான். ஆரத்தி எடுத்த பெண்ணின் முகம் தெளிவாக இருக்கும் படத்தை நீங்கள் வெளியிட்டால், முதலில் மாட்டுவது அவர்தான். கட்சிக்கு வக்கீல் இருக்கிறார், அவருக்கு இல்லை.

என் பழக்கம் இது: எடுக்கும்போதே தட்டு, கை, நோட்டு, வேட்பாளர் என்று எடுப்பேன், பெண்ணின் முகம் வராத கோணத்தில் நிற்பேன். வந்துவிட்ட படத்தை மறைத்து வெளியிடுவதைவிட வெளியிடாமல் மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது மேல். புகார் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் தேர்தல் ஆணையத்தின் ‘சி-விஜில்’ செயலி இருக்கிறது. ஆனால் அது, அதற்குள்ளேயே அந்த இடத்தில் எடுத்த படத்தைத்தான் ஏற்கும், கேமராவில் எடுத்ததைப் பிறகு ஏற்ற முடியாது.

குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் படம்?

பிரச்சாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் ஆணையம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தூக்கி வைத்துக்கொள்வதும் அதில் சேரும். அம்மா அப்பாவோடு வந்து பக்கத்தில் சும்மா நிற்கும் குழந்தை விதிமீறல் இல்லை. நடந்தால் எடுங்கள், நடக்கவைக்காதீர்கள்.

படக்குறிப்பில் என்ன எழுத வேண்டும்? ‘வேலூர், தேர்தல், 2019’ போதாதா?

போதவே போதாது. வேலூருக்கு அது ஆகவே ஆகாது.

2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கு ரெண்டு பிரச்சாரம் நடந்தது. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஓட்டுக் கேட்டு முடித்த நேரத்தில், ரொக்கம் பிடிபட்ட விவகாரத்தால் ஏப்ரல் 16 அன்று தேர்தலே ரத்தானது. பிறகு ஆகஸ்ட் 5-ல் தனியாக நடந்தது. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டு வித்தியாசத்தில், இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகத்தை ஜெயித்தார். ரெண்டு சுற்றிலும் முக்கிய வேட்பாளர்கள் அதே ரெண்டு பேர், அதே வேன், அதே மாலை. மாதம் எழுதாத படம் எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று இன்று யார் சொல்வது?

துப்புகள் இருக்கின்றன. பின்னால் சுவரில் டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க.வுடைய பரிசுப்பெட்டிச் சின்னம் தெரிந்தால் ஏப்ரல் பக்கம் தேடலாம், ஏனென்றால் அந்தக் கட்சி ஆகஸ்ட் தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் சுவரில் எழுதினது மாசக்கணக்கில் அழியாமலும் கிடக்கும், அதை மட்டும் நம்ப முடியாது. பேச்சில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோன ரயில் அடிபட்டிருந்தால் அது ஜூலைக்குப் பிறகு. இப்படிக் குடைவதற்குப் பதிலாக அன்றைக்கே தேதி எழுதியிருந்தால் வேலை முடிந்தது.

அப்புறம் ஊர்ப் பெயர். மாவட்டம் வேறு, தொகுதி வேறு. வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள். காட்பாடி வேலூர் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்கு அரக்கோணத்தோடு போகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்ததிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஆகவே தேதி, தெரு, ஊர், சட்டமன்றத் தொகுதி, எந்தத் தேர்தல், வேட்பாளர் பெயர், கட்சி, சின்னம் என்று அத்தனையும் எழுதுங்கள். அங்கே கொடுத்த துண்டறிக்கையில் ஒன்றை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, பிற்காலத்தில் படத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2021-ல் காட்பாடியில் துரைமுருகன் 746 ஓட்டில் ஜெயித்தார். அப்படிப்பட்ட இடத்தில், எந்தத் தெருவில் எந்த நாள் எடுத்த படம் என்பது பிறகு எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது.

வீட்டில் ‘வட ஆற்காடு’ என்று எழுதிய பழைய பிரச்சாரப் படங்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

1989-ல் வட ஆற்காடு மாவட்டம் ரெண்டாகப் பிரிந்தது, ஒரு பாதி திருவண்ணாமலையாகப் போனது. வெறும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய படம், இடம் திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணி பக்கமாகவும் இருக்கலாம். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் செய்யுங்கள். பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். முக்கியமாக, படத்தில் இருக்கும் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.

எவ்வளவு திருத்தலாம்?

வெளிச்சம், நிறம், கொஞ்சம் ஓரம் வெட்டுவது சரி. உள்ளே இருப்பதை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது. குறுக்கே வந்த மின்கம்பிகூட இருக்கட்டும். இப்போது செல்போனே ‘பின்னால் நிற்பவரை நீக்கவா?’ என்று கேட்கிறது. நீக்காதீர்கள். ஏ.ஐ. படங்கள் சுற்றும் காலத்தில் உங்கள் படத்தை யாராவது பொய் என்று சொன்னால், மூல ஃபைலும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும்தான் கைகொடுக்கும். அசைந்துபோன, மங்கலான படங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுயேச்சைகளையும் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் ஒரு குழாய் ஸ்பீக்கர், கையில் சின்னம், கூட ஒரு மச்சான். இவர்களை எந்த டி.வி.யும் எடுக்காது. வேனைச் சுற்றி ஆளில்லாததால் ஓட்டுக் கேட்பவரும் கேட்கப்படுகிறவரும் நேருக்கு நேர் பேசுவதை இங்கேதான் நிதானமாக எடுக்க முடியும். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்களுக்குப் போகும் வேட்பாளரோடும் ஒரு நாள் போய்வாருங்கள். கீழே பேசும் அதே பேச்சு அங்கே எடுபடாது, ரோடு, ஆஸ்பத்திரி என்று ஜனங்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வேட்பாளர் ஆபீஸிலிருந்து படம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? படம் யாருடையது?

நீங்களாகப் போய் எடுத்தது என்றால் உரிமை உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அது இருக்கும். அவர்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமை அவர்களுக்குப் போய்விடும். அதனால் பிரச்சாரம் முடிவதற்குள் பணம் வாங்காதீர்கள், பெட்ரோலுக்கு என்று கொடுத்தாலும் வேண்டாம். முடிந்த பிறகு கேட்டால் வேண்டிய படத்தை உங்கள் பெயர் போட்டு, என்ன விலை, எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொண்டு கொடுங்கள். எதிர்க்கட்சிக்காரர் வந்து கேட்டாலும் அதே விலை.